கர்ப்பகாலத் தலையணை: கடையில் வாங்குவதா, தைத்துக்கொள்வதா?

கர்ப்பகாலத் தலையணை வாங்கட்டுமா என்று என்னிடம் கேட்கும் பெண்களிடம் நான் முதலில் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. கட்டில் எத்தனை அடி அகலம், நுளம்பு வலை கட்டிப் படுக்கிறீர்களா, இப்போது எத்தனையாவது மாதம் என்றுதான் கேட்பேன். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்தத் தலையணை, எவ்வளவு காசு என்பது பாதி முடிவான மாதிரிதான். இணையத்தில் இதைப் பற்றிக் கிடைக்கிற எழுத்தில் பெரும்பகுதி குளிர்நாட்டு அறைகளையும் பெரிய கட்டில்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. நான் திருகோணமலையில், பாலையூற்றில், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வயிற்றுப் பிள்ளையோடு படுத்து எழும்பியவள். பகலில் வெயில் 35 பாகையைத் தொடும். இரவிலும் சுவர் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த நிலைமைக்கு எது பொருந்தியது, எங்கே காசு போட்டது நல்லதாயிற்று என்பதை எழுதி வைத்தால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

இந்தத் தலையணை ஏன் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தபோது சொன்னது: "பிள்ளை, இனி நிமிர்ந்து படுக்க வேண்டாம். சரிஞ்சு படுங்கோ. இடக்கைப் பக்கம் நல்லது." கர்ப்பப்பை பெரிதாகும்போது, நிமிர்ந்து படுத்தால் அதன் பாரம் முழுவதும் முதுகெலும்பை ஒட்டி ஓடுகிற பெருஞ்சிரையை அழுத்தும். கீழ் உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்புகிற இரத்தம் குறையும். தாய்க்குத் தலைசுற்றும், பிள்ளைக்குப் போகிற இரத்தமும் குறையும். 2011இல் நியூசிலாந்தின் ஓக்லாந்தில் நடந்த ஆய்வொன்று இதைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. பிறகு நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, இங்கிலாந்து முதலிய நாடுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2019இல் வெளியான ஆய்வு, 28 வாரத்துக்குப் பிறகு நிமிர்ந்தபடியே நித்திரைக்குப் போகும் தாய்மாரிடையே பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டது. இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். அந்த ஆபத்து மொத்தத்தில் சிறியது. அதைக் குறைக்கிற வழியும் நம் கையில், சரிந்து படுப்பதில், இருக்கிறது.

அதே 2019 ஆய்வில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வித்தியாசம் காணப்படவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். இடப்பக்கமே கிடந்து இடுப்பெலும்பு நொந்து போகிற பெண்கள் நிறையப் பேர். வலப்பக்கமும் திரும்பலாம். நடுச்சாமத்தில் கண் விழிக்கும்போது நிமிர்ந்து கிடந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் சரி. நித்திரைக்குப் போகும்போது எப்படிப் படுக்கிறோம் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் அந்த நிலையில்தான் நீண்ட நேரம் கிடக்கிறோம். படுத்தபடி புரண்டால் கொடி சுற்றிவிடும், எழும்பி உட்கார்ந்துதான் திரும்ப வேண்டும் என்று எங்கள் மாமி சொல்லுவா. அவ சொன்னது முழுக்க அக்கறையில். ஆனால் கொடி சுற்றுவது பிள்ளை உள்ளே அசைகிற அசைவால், தாய் புரள்வதால் அல்ல. கிளினிக்கில் மிஸ் இதை மாமிக்கு முன்னாலேயே விளங்கப்படுத்தினா. அதற்குப் பிறகு வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

சரிந்து படுப்பது சொல்ல இலகு. செய்யும்போதுதான் உடம்பு மூன்று இடங்களில் முறையிடும். மேல் கால் முன்னுக்குச் சரிந்து இடுப்பை முறுக்கும். வயிறு படுக்கைப் பக்கம் தொங்கி அடிவயிற்றுத் தசைநார்களை இழுக்கும். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாததால் நித்திரையில் உடம்பு தானாக நிமிரும். கர்ப்பகாலத்தில் ரிலாக்சின் என்ற ஹோர்மோன் இடுப்பெலும்பு மூட்டுகளின் தசைநார்களைத் தளர்த்திவிடுவதால் இந்த முறுக்கல் வழக்கத்தை விடக் கூடுதலாக நோகும். ஆகவே தலையணையின் வேலை இந்த மூன்று இடங்களிலும் முண்டு கொடுப்பதுதான். எந்த ஆங்கில எழுத்தின் வடிவத்தில் இருக்கிறது என்பது அதற்குப் பிறகு வருகிற விஷயம். மூன்று இடத்துக்கும் முண்டு கிடைத்துவிட்டால் அது கடைப் பொருளானாலும் வீட்டுப் பழைய துணியானாலும் உடம்புக்கு ஒன்றுதான்.

அதனால் காசு செலவழிக்க முதல் ஒரு கிழமையாவது வீட்டில் இருப்பதை வைத்துப் பாருங்கள் என்பேன். நான் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு சாதாரணத் தலையணையை முழங்காலுக்கு நடுவில் வைத்தேன். இவரின் பழைய சாரங்கள் இரண்டை இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையையும் கட்டி முதுகுப் பக்கம் போட்டேன். வயிற்றுக்குக் கீழே ஒரு துவாயை மடித்து வைத்தேன். ஒவ்வொன்றையும் மாறி மாறி எடுத்துவிட்டுப் படுத்துப் பார்த்தால், எது இல்லாமல் நித்திரை கெடுகிறது என்று உடம்பே சொல்லும். எனக்குக் கால்களுக்கு நடுவில் இருப்பதுதான் கட்டாயம் வேண்டியிருந்தது. அதிலும் சாதாரணத் தலையணை முழங்காலோடு முடிந்துவிடும், கணுக்கால் கீழே தொங்கும். முழங்கால் உயர்ந்து கணுக்கால் தாழ்ந்தால் தொடை முறுகி இடுப்பு மூட்டு இழுபடும். முழங்காலும் கணுக்காலும் ஒரே மட்டத்தில் இருக்கிற மாதிரி நீளமாக ஒரு தலையணை வேண்டும் என்பது அந்தக் கிழமையில்தான் எனக்கு விளங்கியது. முதுகுக்கோ சுருட்டிய சாரமே போதும். அதைக் கடைசிவரை மாற்றவில்லை.

இப்போது கடையில் கிடைப்பவற்றுக்கு வருகிறேன். பெரும்பாலும் ஐந்து வகை. யூ வடிவம் முன்னும் பின்னும் சுற்றி வரும், தலைக்கும் அதிலேயே இடம் உண்டு. சி வடிவம் முதுகைச் சுற்றி வந்து கால்களுக்கு நடுவில் முடியும், இல்லாவிட்டால் முன்பக்கமாகப் பிடித்துக்கொள்ளலாம். ஜே வடிவம் அதைவிடச் சிறியது. நேரான ஆளுயரத் தலையணை ஒன்று. ஆப்பு மாதிரிச் சரிவாக வெட்டிய சிறிய தலையணை இன்னொன்று, அது வயிற்றுக்குக் கீழே செருகுவதற்கு.

ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் யூ வடிவம்தான் எடுக்கச் சொன்னா. "காசைப் பாக்காதேங்கோ மச்சாள், நான் அனுப்பிறன். எனக்கு அது இல்லாட்டி அந்த நாலு மாசமும் நித்திரையே இல்லை." அவவின் அனுபவம் உண்மை. இரவில் அடிக்கடி திரும்பிப் படுப்பவர்களுக்கு யூ வடிவம் உண்மையிலேயே நல்லது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னுக்கும் பின்னுக்கும் முண்டு அப்படியே இருக்கும், எதையும் தூக்கி இழுக்க வேண்டியதில்லை. இடுப்பு மூட்டு வலி கடுமையாக உள்ளவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் அவவின் அறையில் வெளியே பனி கொட்டும். இங்கே கர்ப்பிணிக்கு உடம்பில் ஓடுகிற இரத்தத்தின் அளவே கூடியிருக்கும், வழக்கத்தை விட உடம்பு சுடும். அதற்கு மேல் இரண்டு பக்கமும் பஞ்சுச் சுவர் எழுப்பினால் மின்விசிறிக் காற்று முதுகில் படாது. குளிரூட்டி போட்ட அறையென்றால் வேறு கதை. எங்கள் வீட்டில் அது இல்லை.

அடுத்தது கட்டில். யூ வடிவத் தலையணை ஏறத்தாழ 130 முதல் 150 செ.மீ. நீளம், 70 முதல் 80 செ.மீ. அகலம் வரும். 80 செ.மீ. என்றால் இரண்டரை அடிக்கும் சற்று மேல். ஐந்தடிக் கட்டிலில் பாதியை அதுவே எடுத்துவிடும், கணவன் பாயோடு கீழே இறங்க வேண்டியதுதான். நான் இதை விட முக்கியமாக நினைப்பது நுளம்பு வலை. பெரிய தலையணை வலையைக் கட்டில் ஓரத்துக்கு வெளியே தள்ளும். வலையின் அடி மெத்தைக்குக் கீழே செருகி நிற்காமல் கழன்றுவிடும். கை, முழங்கை வலையோடு ஒட்டிக் கிடந்தால் நுளம்பு வெளியில் இருந்தே குத்தும். டெங்கு நுளம்பு பகலில்தான் கூடக் கடிக்கும் என்பது சரி. ஆனால் கர்ப்பிணிகள் பகலிலும் படுக்கிறோமே. 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்று பார்த்த எங்கள் மாவட்டத்தில் இதைச் சிறிய விஷயமாக யாரும் எடுக்க மாட்டார்கள். கர்ப்பகாலத்தில் டெங்கு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து கூடுதல். தலையணை வாங்குவதற்காக வலையை விட்டுக்கொடுக்கக் கூடாது. வாங்குவதற்கு முன் ஒரு பெரிய பெட்சீற்றை அந்த அளவுக்குச் சுருட்டிக் கட்டிலில் வளைத்துப் போட்டு, வலையை இறக்கிச் செருகிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பது விலையையும் தீர்மானிக்கும், நித்திரையையும் தீர்மானிக்கும். கடைத் தலையணைகளில் பெரும்பாலும் பொலியெஸ்டர் நார்ப்பஞ்சு. பாரமில்லை, கழுவலாம், சீக்கிரம் காயும். ஆனால் மலிவானது ஒரு மாதத்தில் தட்டையாகிவிடும். கையால் அழுத்திவிட்டு எடுத்தால் உடனே பழைய உயரத்துக்கு எழும்புகிறதா என்று பாருங்கள். சிலவற்றில் ரெஜிபோம் (பெட்டிகளுக்குள் வைக்கிற வெள்ளை நுரைப்பலகை) குருணி மாதிரிச் சின்ன மணிகள் இருக்கும். உடம்பின் வளைவுக்கு நன்றாகப் படியும். திரும்பும்போது சரசரவென்று சத்தம் போடும், தையல் பிரிந்தால் வீடு முழுக்கச் சிதறும். மெமரி ஃபோம் உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். எங்கள் ஊருக்கு அது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இறப்பர் ஃபோம் உறுதியாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும். ஆனால் ஆளுயரத்துக்கு எடுத்தால் பாரம் தாங்க முடியாது, விலையும் ஏறும்.

இலவம் பஞ்சைத்தான் மாமியும் அம்மாவும் ஒரே குரலில் சொன்னார்கள். இயற்கையான பஞ்சு, குளிர்ச்சி, நாங்கள் எல்லாம் அதில்தான் படுத்தோம் என்று. அது உண்மைதான். இலவம் நார் உள்ளே குழாய் மாதிரி வெறுமையாக இருப்பதால் காற்றைப் பிடித்துக்கொண்டு லேசாக இருக்கும். நாரின் மேல் மெழுகுத்தன்மை உள்ளதால் தண்ணீர் சுலபமாக ஏறாது. அந்தக் குணத்துக்காகவே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடலுக்குப் போனவர்களின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இலவம் பஞ்சை அடைத்தார்கள். பிரித்தானியக் கடற்படை நின்ற எங்கள் துறைமுகம் அப்படியான அங்கிகளை நிறையவே கண்டிருக்கும். தலையணைக்கு வரும்போது இரண்டு தொல்லை உண்டு. ஒன்று தூசி. கர்ப்பகாலத்தில் மூக்கின் உள்சவ்வு வீங்கி மூக்கடைப்பு வருவது பொதுவானது, அதற்கு மேல் பஞ்சுத் தூசி பட்டால் தும்மல் நிற்காது. மற்றது, இலவம் பஞ்சு நாளாக நாளாகக் கட்டிபடும், கழுவவும் முடியாது. வெயிலில் போட்டுத் தட்டித்தான் எழுப்ப வேண்டும். ஐப்பசி தொடங்கி வாடை மழை பிடித்தால் இங்கே வெயிலுக்கு எங்கே போவது? பிள்ளைப்பேறு மாரி காலத்தில் என்றால் நார்ப்பஞ்சே நல்லது. தும்மல் தொல்லை இல்லாதவர்கள், மாசியிலிருந்து புரட்டாதி வரையான காலத்துக்குள் பாவிப்பவர்கள், விதை நீக்கிய நல்ல பஞ்சு கிடைத்தால் இலவத்தை நம்பி எடுக்கலாம்.

சரி, காசு. நான் தேடிய நேரத்தில் கொழும்புக் கடைகள் இணையத்தில் போட்டிருந்த யூ வடிவத் தலையணைகள் ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கிட்ட இருந்தன. கூரியர் காசு வேறு. இது எடையில் சிறிது, பருமனில் பெரிது. கூரியர்காரர்கள் பல நேரம் பொதியின் பருமனை வைத்துத்தான் கட்டணம் போடுவார்கள். கட்டளை கொடுக்க முதல் திருகோணமலைக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், காற்றை உறிஞ்சிச் சுருட்டி அனுப்புகிறார்களா என்றும் கேளுங்கள். கனடாவிலிருந்து அனுப்புவதும் இதே கணக்குத்தான். மச்சாள் பெட்டிக் காசைக் கேட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் காசையே எங்களுக்கு அனுப்புவதாகச் சொன்னா. மேலுறை ஒன்றுதான் கூட வரும், மாற்று உறை எடுத்தால் அதற்கும் தனிக் காசு. அந்த வடிவத்துக்கு வீட்டில் உள்ள எந்த உறையும் பொருந்தாது.

நான் விலையைப் பார்த்த விதம் இது. 28 வாரத்திலிருந்து 40 வாரம்வரை என்றால் 12 வாரம், 84 இரவு. பத்தாயிரம் ரூபாயை அதற்குப் பிரித்தால் ஓர் இரவுக்கு 119 ரூபாய். 20 வாரத்திலேயே வாங்கினால் 140 இரவு, ஓர் இரவுக்கு 71 ரூபாய். அதாவது வாங்குவதென்றால் ஐந்தாம் மாதத்திலேயே வாங்க வேண்டும். ஒன்பதாம் மாதத்தில், இனித் தாங்க முடியாது என்று போய் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் கூடிய செலவு. அந்த நேரத்தில் இருக்கிற துணிகளைச் சுருட்டிச் சமாளித்துவிட்டு, காசை ஆஸ்பத்திரிப் பைக்கு வைத்திருப்பது மேல்.

நாங்கள் தைப்பது என்று முடிவெடுத்தோம். மத்திய வீதிக் கடைகளில் துணி எடுத்தோம். நார்ப்பஞ்சை மெத்தை, குஷன் வேலை செய்கிற ஒருவரிடம் கிலோக் கணக்கில் வாங்கினோம். எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிற தையல் அக்கா தைத்துத் தந்தா. என் உயரம் 5 அடி 2 அங்குலம். நாடியிலிருந்து கணுக்கால்வரை அளந்து தலையணை நீளத்தை 4 அடியாக வைத்தோம். துணியைத் தட்டையாகப் போடும்போது அகலம் 14 அங்குலம், பஞ்சு அடைத்த பிறகு ஏறத்தாழ 9 அங்குல விட்டம் வரும். கால் பாரம் விழுந்து அமுங்கினால் ஆறேழு அங்குலம் நிற்கும். அந்த உயரம் அவரவர் இடுப்பின் அகலத்தைப் பொறுத்தது. சரிந்து படுத்து, மேல் காலை இன்னொருவர் இடுப்பு மட்டத்துக்குத் தூக்கிப் பிடிக்க, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்து பார்த்தால் தெரியும். 45 அங்குல அகலத் துணியில் உள்ளுறைக்கு ஒன்றரை மீற்றர், மேலுறை ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மீற்றர். பஞ்சு ஒன்றரைக் கிலோ.

செலவை எழுதுகிறேன். உள்ளுறைத் துணி 600 ரூபாய். இரண்டு மேலுறைக்குமான பருத்தித் துணி 1,950. பஞ்சு 1,350. இரண்டு சிப் 240. தையல் கூலி 700. மொத்தம் 4,840. வயிற்றுக்குக் கீழே செருகுகிற ஆப்பை அதே குஷன்காரர் வெட்டி மிஞ்சிய ஃபோமிலிருந்து 600 ரூபாய்க்குச் செய்து தந்தார். அடியில் ஓர் அடி அகலம், உயர்ந்த பக்கம் நாலு அங்குலம், மற்றப் பக்கம் ஒன்றுமில்லாமல் சரிந்து முடியும். ஆக 5,440 ரூபாய்க்கு மூன்று முண்டும் சரி. இன்றைக்கு விலை ஏறி இறங்கியிருக்கும், ஆனால் எதற்கு எவ்வளவு பங்கு போகிறது என்று பார்க்க இது உதவும்.

இந்தக் கணக்கில் யாராவது குறைக்கச் சொன்னால், துணியில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுவேன். உடம்பில் படுகிறது மேலுறைதான். செயற்கைத் துணியில் வியர்வை நிற்கும், தொடையிடுக்கில் வேர்க்குரு போடும். மெல்லிய, நெருக்கமாக நெய்த பருத்தியே சரி, அதுவும் தைக்க முதல் ஒருமுறை நனைத்துக் காயவைத்தது. இல்லாவிட்டால் முதல் கழுவலில் சுருங்கி, பிறகு உறைக்குள் தலையணையைத் திணிக்க இரண்டு பேர் வேண்டும். உறை கட்டாயம் இரண்டு. இங்கே கச்சான் காலத்தில் இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் ஒரு முழு நாள் உள்ளேயே தொங்கும். சிப்பை ஓர் ஓரத்தில் சின்னதாக வைக்காமல் நீளப்பக்கம் முழுவதும் வைக்கச் சொல்லுங்கள், கழற்றிப் போடுவது அவ்வளவு இலகு. உள்ளுறைக்கு ஒரு முனையைக் கையால் தைத்து மூடினால் போதும், பஞ்சு அமுங்கும்போது பிரித்துக் கொஞ்சம் சேர்க்கலாம். தையல் அக்கா சொல்லித் தந்த இன்னொரு நுட்பம்: இரண்டு முனையிலும் பஞ்சை இறுக்கி, நடுவில் ஒரு முழத்துக்குச் சற்றுத் தளர்வாக விட வேண்டும். அப்போது தலையணை வளையும். அதன் பயன் பிள்ளை பிறந்த பிறகுதான் முழுதாகத் தெரிந்தது.

நேரான தலையணையில் உள்ள குறையையும் சொல்ல வேண்டும். திரும்பிப் படுக்கும்போது அதையும் இழுத்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். எட்டாம் மாதத்துக்குப் பிறகு அது ஒரு வேலைதான். இவர் எழும்பி எடுத்துத் தருவார். தனியாகப் படுப்பவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், இடுப்பு வலியால் திரும்பவே முடியாதவர்கள், ஆறடிக் கட்டிலும் குளிரூட்டியும் உள்ளவர்கள் யூ வடிவத்துக்குக் காசு கொடுப்பது வீண் அல்ல. இது அவரவர் உடம்பு, அவரவர் வீடு.

இன்னொரு விஷயம் காசு பற்றி. அரசாங்கம் கர்ப்பிணித் தாய்மாருக்குத் தருகிற போசாக்குக் கொடுப்பனவு சாப்பாட்டுக்கு. முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் குறைந்து தலையணை வரக் கூடாது. கிளினிக்கில் தருகிற திரிபோஷா சத்துமாவும் இரும்புச்சத்துக் குளிசையும் எந்தத் தலையணையையும் விடப் பிள்ளைக்கு நெருக்கமானவை. பிள்ளைக்கு உடுப்பு, ஆஸ்பத்திரிப் போக்குவரத்து, அவசரத்துக்கு ஓட்டோக் காசு, இவற்றை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தில் இதைப் பாருங்கள். மிச்சமே இல்லையென்றால் இரண்டு பழைய தலையணையை நீளவாக்கில் அடுக்கி ஒரு பழைய சேலைத்துண்டால் சுற்றித் தைத்தால் செலவில்லாமல் முழங்காலும் கணுக்காலும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். பாவித்ததை வாங்குபவர்கள் மேலுறையைப் பார்க்காமல் உள்ளுறையைத் திறந்து மணந்து பாருங்கள். ஈரமணம், பூஞ்சண மணம் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

படுக்கும்போது வயிற்று ஆப்பை மிக உயர்த்தி வைக்கக் கூடாது. வயிற்றைத் தூக்கக் கூடாது, தொங்காமல் தாங்கினால் போதும். தலையணையின் மேல் முனையைக் கையால் அணைத்துக்கொண்டால் தோள் முன்னுக்கு விழாது. நெஞ்செரிவு உள்ளவர்கள் தலையணைகளைக் கழுத்துக்குக் கீழே அடுக்குவதை விட, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே உறுதியான பலகைத்துண்டு வைத்து உயர்த்துவது நல்லது. கழுத்து மட்டும் மடங்கினால் வயிறு அமுங்கி எரிவு கூடும். நெஞ்செரிவுக்கு இடப்பக்கம் படுப்பதும் உதவும். எழும்பும்போது நேராக எழும்பாமல், முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சரிந்து, கையை ஊன்றி, கால்களைக் கீழே இறக்கிய பிறகு எழும்ப வேண்டும்.

நித்திரையின்மை எல்லாவற்றையும் தலையணையின் தலையில் போடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளையின் அசைவு வழக்கத்தை விடக் குறைந்த மாதிரி இருந்தால் விடியும்வரை படுத்துப் பார்க்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சுட்டு, கெண்டைக்கால் நொந்தால் அது நரம்பு இழுப்பாக இல்லாமல் இரத்தக் கட்டியாக இருக்கலாம். இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து நித்திரை கெட்டால் அது ஈரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், இரத்தம் சோதிக்க வேண்டும். கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் இவையும் அப்படித்தான். மிட்வைஃப் மிஸ்ஸின் தொலைபேசி இலக்கம் கர்ப்பிணி அட்டையோடு கையில் இருக்கட்டும்.

பிள்ளை பிறந்த பிறகு அந்தத் தலையணைக்கு வேலை கூடியது. நடுவில் தளர்வாக விட்டதால் இடுப்பைச் சுற்றி வளைத்து வைத்துக்கொண்டு பால் கொடுக்க முடிந்தது. பிள்ளையை மார்பு மட்டத்துக்கு அதுவே உயர்த்தித் தரும், நாங்கள் குனிந்து முதுகை உடைக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையை அதன் மேல் நித்திரையாக விட்டுவிட்டு அங்காலே போகக் கூடாது. பிள்ளை படுக்கிற இடத்தில் இது இருக்கவும் கூடாது. மெத்தென்ற எதுவும் சின்னப் பிள்ளையின் மூக்கை மூடிவிடும். பிள்ளை உறுதியான, தட்டையான படுக்கையில், தலையணை ஒன்றும் இல்லாமல், நிமிர்ந்து படுக்க வேண்டும். தாய்க்குச் சொன்ன புத்தி பிள்ளைக்கு அப்படியே மறுபக்கம். வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் பிள்ளையை இரண்டு பக்கமும் தலையணை வைத்து அணைகட்டச் சொல்லுவார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

துடக்குக் கழிந்த பிறகு உறைகளைக் கொதிநீரில் அவித்து, தலையணையை இரண்டு நாள் முற்றத்து வெயிலில் புரட்டிப் போட்டுத் தங்கச்சிக்குக் கொடுத்தேன். அவளுக்குச் சிசேரியன். ஆஸ்பத்திரியில் இருமும்போதும் எழும்பும்போதும் தையல் இழுக்காமல் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லித் தந்தார்கள். அதற்கு இந்த ஆளுயரம் சரிவராது, சின்னத் தலையணைதான் வேண்டும். அந்த ஆப்பின் மேல் ஒரு மெல்லிய துணியைச் சுற்றிக் கொடுத்தோம், அளவு சரியாக இருந்தது. ஆளுயரத் தலையணையில் பஞ்சு கொஞ்சம் அமுங்கியிருந்ததால் உள்ளுறையைப் பிரித்து முனைகளில் 300 கிராம் சேர்த்தாள். அவள் என்னை விட உயரம். அடுத்து யாருக்காவது புதிதாகத் தைப்பதென்றால் நாலடி அல்ல, நாலேகால் அடி வைக்கும்படி தையல் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். உயரமானவர்கள் துணியை ஒன்றே முக்கால் மீற்றராக எடுத்துக்கொள்ளுங்கள்.